கரி அடுப்புக் கடையும் அதன் கழிவறையும்

மலேசியாவில், பினாங்குத் தீவின் பத்து பெரிங்கியில் ஒரு கடற்கரை ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். அறையைச் சுத்தம் செய்தவர்கள் முடித்துவிட்டுப் போன பிறகு உள்ளே போய்ப் பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் திரும்பக் கூப்பிட வேண்டும். வருஷக்கணக்காக இதையே செய்துகொண்டிருந்தால் கண் ஒரு மாதிரி ஆகிவிடும். சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் குளியலறைக் கண்ணாடியின் கீழ் விளிம்புதான் முதலில் தெரியும். சாப்பாட்டுக் கடைக்குப் போனால் கேட்கவே வேண்டாம். “நீ சாப்பிட வர்றியா, செக் பண்ண வர்றியா?” என்பார் என் கணவர்.

மகளுக்குப் பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு முடிந்த கையோடு, ‘யாக்கினிக்கு’ என்ற ஜப்பானியச் சுட்ட இறைச்சி சாப்பிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மேசை நடுவில் கரி அடுப்பு, மேலே கம்பி வலை, தட்டில் பச்சை இறைச்சித் துண்டுகள். நாமே சுட்டு, நாமே சாப்பிட வேண்டும். ஜார்ஜ்டவுனில் இப்படிக் கடைகள் நிறைய உண்டு. ஆனால் மாமியார் வீடு புக்கிட் மெர்தாஜாமில் இருப்பதால், அவரையும் கூட்டிக்கொண்டு அங்கேயே ஒரு கடைக்குப் போனோம். ஜூலையில் செயிண்ட் ஆன் தேவாலயத் திருவிழா வந்தால்தான் வெளியூர்க்காரர்கள் அந்த ஊர்ப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். மற்ற நாளில் அது தன் பாட்டுக்கு இருக்கும் ஊர். கடையும் அப்படித்தான். மூலைக் கடைவீடு ஒன்றின் கீழ்த்தளம், ஏழெட்டு மேசை, வாசலில் நீலத் துணித் திரை.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருந்தது. கோழித் தொடை, ஆட்டிறைச்சி, பன்றி வயிற்றுத் துண்டு, இறால், காளான் என்று சொன்னோம். மாட்டிறைச்சி வேண்டாம் என்றதும் பரிமாறிய பையன், அடுப்பில் இருந்த வலையை எடுத்துவிட்டுப் புது வலை மாட்டினான். இந்த மாதிரிக் கடைகளில் வலை மாற்றிக் கேட்பது வழக்கம்தான், பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள். மாடு சாப்பிடாத வீட்டார் உட்கார்ந்ததுமே கேட்டுவிடுங்கள். கரி பிடித்த பிறகு கேட்டால் நெருப்புக்கு மேல் குனிந்து வலை மாற்ற அந்தப் பையன்தான் கஷ்டப்படுவான்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் கழிவறை முக்கியம்தான். கரி அடுப்புக் கடையில் அது இன்னும் ஒரு படி மேல். மற்றக் கடையில் பச்சைக் கோழியைத் தொடுகிறவர் சமையல்காரர். டைபாய்டு தடுப்பூசி போட்டு, உணவு கையாளும் பயிற்சி முடித்தவர்தான் இந்த நாட்டில் அந்த வேலையைச் செய்யலாம். இங்கே பச்சைக் கோழியைத் தொடுகிறவர் நாம். இடுக்கியால் இறைச்சியைப் போடுகிறோம், அதே கையால் போனை எடுக்கிறோம், பிள்ளையின் வாயைத் துடைக்கிறோம். ஆகவே கை கழுவும் தொட்டிதான் இந்தக் கடையின் இரண்டாவது சமையலறை. அது கழிவறைக்குப் பக்கத்தில் இருப்பதால், கழிவறை சரியில்லை என்றால் சமையலறையே சரியில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. ஜப்பானிலேயே 2011 ஏப்ரலில் யாக்கினிக்குக் கடைகளில் பச்சை மாட்டிறைச்சி சாப்பிட்டு 5 பேர் இறந்துபோனார்கள். ஓ111 என்ற வகை இ.கோலை கிருமி அது. மறு வருஷம் ஜூலையில் பச்சை மாட்டு ஈரல் பரிமாறுவதையே அரசாங்கம் தடை செய்தது. 2015இல் பச்சைப் பன்றி இறைச்சிக்கும் தடை வந்தது. கோழி என்றால் உள்பக்கம் 75 டிகிரிச் சூட்டில் ஒரு நிமிஷமாவது வேக வேண்டும் என்பது அங்கே சொல்லும் கணக்கு. மேசையில் வெப்பமானி எல்லாம் இருக்காது. நறுக்கிப் பார்த்து நடுவில் இளஞ்சிவப்பு இல்லாத பிறகு வாயில் வைப்பதுதான் நம்மால் முடிந்தது. இடுக்கி ஒன்றுதான் கொடுத்தார்கள் என்றால் இன்னொன்று கேளுங்கள். பச்சைக்கு ஒன்று, வெந்ததுக்கு ஒன்று. சாப்பிடும் குச்சியால் பச்சை இறைச்சியைத் திருப்பவே கூடாது. என் மகன் அப்படித்தான் திருப்புவான், ஒவ்வொரு முறையும் திட்டு வாங்குவான்.

வந்ததும் சூடான ஈரத்துண்டு கொடுத்தார்கள். அது முகத்துக்கும் கைக்கும் சுகம், அவ்வளவுதான். இறைச்சி தொட்ட கைக்குச் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வேண்டும். பாட்டிலில் வைத்திருக்கும் ஆல்கஹால் கூழும் போதாது. கையில் கொழுப்பு படிந்திருந்தால் அது சரியாக வேலை செய்யாது, நோரோ வைரஸ் போன்ற சில கிருமிகளுக்கு அது அசைந்து கொடுக்கவும் கொடுக்காது.

கறி வருவதற்குள் எழுந்து பின்பக்கம் போனேன். பழைய கடைவீடுகளில் கழிவறை எப்போதும் கடைசியில், பின்சந்தை ஒட்டித்தான் இருக்கும். வாளிக் கழிவறை இருந்த காலத்தில் பின்சந்து வழியாக வந்து வாளியை எடுத்துப் போனார்கள். அதற்காகவே வீட்டின் கடைசியில் கட்டினார்கள். வாளி போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இடம் மட்டும் மாறவில்லை. அதனால் பல கடைகளில் கழிவறைக்குப் போக வேண்டுமானால் சமையலறையைக் கடந்துதான் போக வேண்டும். எனக்கு இது வசதி. போகிற வழியில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

இங்கே நடை ஓரத்தில் துடைப்பான்கள் மாட்டியிருந்தார்கள். சிவப்புப் பிடி ஒன்று, நீலப் பிடி ஒன்று, துணி கீழே தொங்க, தரையைத் தொடாமல். எங்கள் தொழிலில் சிவப்பு என்றால் கழிவறைக்கு மட்டும். அதைப் பார்த்ததுமே பாதி மார்க் போட்டுவிட்டேன். ஒரே துடைப்பானை அழுக்குத் தண்ணீர் வாளியில் ஊற வைத்து, கழிவறையையும் சாப்பிடும் இடத்தையும் அதனாலேயே துடைக்கிற கடைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கழிவறை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் துடைப்பான் உண்மையைச் சொல்லிவிடும்.

உள்ளே போனால் பளபளப்பை நம்பாதீர்கள். நேராக நின்று பார்த்தால் எல்லாக் கழிவறையும் சுத்தமாகத்தான் தெரியும். எங்கள் பயிற்சியில், மூடியை மூடி அதன் மேல் உட்கார்ந்து பார்க்கச் சொல்வார்கள். விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போது என்ன தெரிகிறதோ அதுதான் அந்த அறை. உட்கார்ந்தால் கதவின் அடிப்பகுதி தெரியும், கை கழுவும் தொட்டியின் அடி தெரியும், காற்றாடிக் கூண்டில் தொங்கும் தூசி தெரியும். எழுந்திருக்கும்போது இருக்கையின் கீல் இருக்கும் இடத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும். அந்தத் திருகைச் சுற்றி மஞ்சள் கறை இல்லையென்றால் அங்கே யாரோ குனிந்து வேலை செய்கிறார்கள். இந்தக் கடையில் கறை இல்லை. தொட்டிக்குப் பின்னால் இருக்கும் மூலையில் மட்டும் கொஞ்சம் முடி.

தரை காய்ந்திருந்தது. நம் நாட்டில் இது பெரிய விஷயம். நமக்குத் தண்ணீர் வேண்டும், ஹோஸ் வேண்டும், அதனால் தரை எப்போதும் குளம். ஜப்பான்காரர்கள் இதற்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள். 1980இல் டோட்டோ நிறுவனம் வாஷ்லெட் என்று விற்க ஆரம்பித்த இருக்கை அது. பொத்தானை அழுத்தினால் குழாய் வெளியே வந்து கழுவிவிட்டு உள்ளே போய்விடும், தரையில் ஒரு சொட்டு விழாது. இந்தக் கடையில் பெண்கள் பக்கம் இரண்டு அறை. ஒன்றில் அந்த மாதிரி இருக்கை, மற்றதில் சாதாரண இருக்கையும் ஹோஸும். நல்ல ஏற்பாடு. வாஷ்லெட் இருக்கும் அறையில் ஹோஸ் வைக்கவில்லை என்பதையும் கவனித்தேன். அது மின்சாரத்தில் ஓடுவது. எல்லாவற்றையும் ஹோஸால் அடித்துக் கழுவிப் பழகிய நம் ஆட்கள் அதையும் அடித்தால் பிளக்குக்குள் தண்ணீர் போகும். ஜார்ஜ்டவுனில் ஒரு பெரிய கடையில் இப்படித்தான் ஆகி, இருக்கை மட்டும் அலங்காரமாக இருக்கிறது, ஒரு பொத்தானும் வேலை செய்யாது. ஓடாத வாஷ்லெட் சாதாரண இருக்கையைவிட மோசம், தண்ணீருக்கு வேறு வழியே இருக்காது.

மாமியாருக்கு முட்டிவலி. நிபோங் திபால் பக்கம் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு கழிவறை, இருட்டில் போக ஆள் துணை வேண்டும் என்று கதை சொல்வார். இப்போது குந்தி உட்கார முடியாது, காகிதமும் ஒத்துவராது. அவரைக் கூட்டிப்போய், இந்தப் பொத்தான் தண்ணீருக்கு என்று காட்டிவிட்டு வெளியே நின்றேன். உள்ளேயிருந்து சத்தம்.

“ஏம்மா, தண்ணி நல்லாத்தான் வருது. எப்படி நிப்பாட்டுறது?”

“சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாருங்க அத்தை, அதை அழுத்துங்க.”

தவுக்கே, அதாவது கடை முதலாளி, மலாயில் எழுதி ஒட்டியிருந்தார், நிறுத்தும் பொத்தானுக்கு மட்டும் சிவப்பு. மற்றதெல்லாம் ஜப்பானிய எழுத்து. அந்த ஒரு ஸ்டிக்கர் ஒட்டியவருக்கு வயசானவர்களைப் பற்றித் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பியும் இருந்திருந்தால் முழு மார்க் கொடுத்திருப்பேன். அத்தை கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துத்தான் எழுந்தாராம். வயசானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள், அவர்களுக்கு முன்னால் ஒரு தடவை நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். வாசலில் படி இருக்கிறதா, கதவு உள்பக்கம் திறக்கிறதா, பிடிக்க ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கை கழுவும் இடத்தில் ஒரு பிரம்புக் கூடை. பல்குச்சி, பஞ்சுக் குச்சி, தலைமுடி கட்டும் ரப்பர், வாய் கொப்பளிக்கும் மருந்து. ஜப்பானில் இப்படி வைப்பது உண்டு. மகள் அதைத்தான் படம் எடுத்தாள். நான் பார்த்தது சோப்பை. கைச் சோப்புக்குப் பக்கத்திலேயே பாத்திரம் கழுவும் திரவமும் ஒரு பாட்டிலில் இருந்தது. பன்றிக் கொழுப்பு ஒட்டிய விரல்களுக்குப் பச்சைத் தண்ணீரில் சாதாரணக் கைச் சோப்பு எடுபடாது, இதைப் போட்டால்தான் பிசுபிசுப்பு போகும். யோசித்து வைத்திருக்கிறார்கள். சோப்பு பாட்டிலைக் கொஞ்சம் சாய்த்துப் பார்ப்பேன். தண்ணீர் மாதிரி ஆடினால் கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தீர்ந்துபோகும் முன்பே பழையதின் மேல் புதுச் சோப்பை ஊற்றிக்கொண்டே போவதும் தப்பு, சோப்புக்குள்ளேயே கிருமி வளரும். பாட்டிலைக் கழுவிக் காயவைத்து நிரப்ப வேண்டும். வாயைச் சுற்றிக் கட்டி கட்டியாகக் காய்ந்த சோப்பு இருந்தால் அந்த பாட்டில் கழுவப்பட்டதே இல்லை.

ஜப்பான் என்றாலே கழிவறைக்கு சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே பூங்காக் கழிவறைகள் பலவற்றில் சோப்பே இருக்காது, கை துடைக்கக் காகிதமும் இருக்காது, அதனால்தான் ஆளுக்கொரு கைக்குட்டை வைத்திருக்கிறார்கள். ஆனால் பள்ளிப் பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டித் துடைக்கிற நாடு அது. சோட்டோ பிரிவு ஜென் மடங்களில் தியான மண்டபத்தில் பேசக் கூடாது, குளியலறையில் பேசக் கூடாது, கழிவறையிலும் பேசக் கூடாது. மூன்றுக்கும் ஒரே மரியாதை. நம் ஊரில் கழிவறை கழுவுகிறவரை எப்படிப் பார்க்கிறோம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் ஆட்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்களிடம் ஹோட்டலில் வேலை என்று மட்டும்தான் சொல்வார்கள்.

சரி, குறைக்கு வருகிறேன். கதவுக்குப் பின்னால் சுத்தம் செய்த நேரத்தைக் குறிக்கும் அட்டை தொங்கியது. மணிக்கு ஒரு தடவை கையெழுத்து. நான் பார்த்தபோது மணி ஏழு சொச்சம், அட்டையில் பத்து மணி வரைக்கும் கையெழுத்து இருந்தது, எல்லாம் ஒரே பேனா. இது எனக்குப் பழகிய வித்தை, எங்கள் ஹோட்டலிலும் பிடித்திருக்கிறேன். கடையில் அட்டையைப் பார்த்தால் கையெழுத்தை எண்ணாதீர்கள், வரப்போகிற மணிக்கும் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாவது குறை நாற்றம். முதல் தடவை உள்ளே போனபோது இல்லை. எல்லா மேசையும் நிரம்பிய பிறகு அத்தையோடு திரும்பிப் போனபோது நடையிலேயே லேசாக வீசியது. யாரோ அசுத்தம் செய்துவிட்டார்கள் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். காரணம் வேறு. ஒவ்வொரு அடுப்புக்கும் மேலே புகை இழுக்கும் குழாய் இருக்கிறது. எல்லாம் ஓடும்போது கடைக்குள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த இடத்துக்குக் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஏர்கோனுக்காகக் கதவு சன்னலை எல்லாம் அடைத்துவிட்டால், கழிவறைக் கதவின் அடி இடுக்கு வழியாகத்தான் வரும், தரைச் சாக்கடைக் குழியில் தண்ணீர் வற்றியிருந்தால் அதன் வழியாகவும் வரும். கரி எரிகிற இடத்தில் வெளிக்காற்று வர வழி இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடும் சேரும். அது வாசனையே இல்லாதது. தலை வலித்தால் எழுந்து வெளியே போய்விடுங்கள்.

இதைச் சோதிக்க டிஷ்யூ போதும். நீளமாகக் கிழித்துக் கழிவறைக் கதவின் அடியில் பிடித்தால், காகிதம் கழிவறைக்கு உள்பக்கம் இழுபட வேண்டும். சாப்பிடும் பக்கம் பறந்தால் காற்று தலைகீழாக ஓடுகிறது. அன்றைக்கு அது என் முட்டியை நோக்கிப் பறந்தது. ஆண்கள் பக்கமும் பார்த்துவிட்டு வரச் சொல்லிக் கணவரிடம் ஒரு துண்டு கொடுத்தேன். கழிவறை வாசலில் குந்திக் காகிதம் பிடிக்கிற ஆள் தான் இல்லை என்று சொல்லிவிட்டார். குந்தப் பிடிக்காதவர்கள் கடையின் வாசல் கதவைக் கவனிக்கலாம். வெளியே தள்ளித் திறக்கும் கதவு வழக்கத்துக்கு மாறாகக் கனமாக இருந்தாலும், இடுக்கில் விசில் சத்தம் கேட்டாலும் அதே கதைதான்.

பில் கொடுக்கும்போது தவுக்கேயிடம் பேசினேன். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். ஒசாகாவில் சில வருஷம் யாக்கினிக்குக் கடையில் வேலை பார்த்தவராம். அங்கே புதிதாக வருகிறவனுக்கு முதலில் கொடுத்தது கழிவறை பிரஷ்தான் என்றார். குறையைச் சொல்ல வேண்டுமென்றால் நல்லதைச் சொல்லிவிட்டு, கூட்டத்தின் நடுவில் இல்லாமல், கல்லா ஓரத்தில் மெதுவாகச் சொல்ல வேண்டும். துடைப்பானையும் சிவப்பு ஸ்டிக்கரையும் பாராட்டிய பிறகுதான் டிஷ்யூவைப் பற்றிச் சொன்னேன். அவரே போய்க் குந்திப் பிடித்துப் பார்த்தார். நான் சொன்னது மூன்று விஷயம். கழிவறைக் காற்றாடியைப் பெரிதாக்குங்கள், முன்பக்கம் வெளிக்காற்று வர ஒரு துவாரம் வையுங்கள், கடை திறக்கும் முன் தரைக் குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்றாவது இன்றைக்கே செய்யலாம், காசு கிடையாது என்றதும் சிரித்தார். அட்டையைப் பற்றிச் சொன்னபோது சிரிக்கவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் போனோம். கழிவறையைப் பார்க்க அதுதான் நேரம். கடை திறந்த அரை மணியில் எல்லாக் கழிவறையும் நன்றாகத்தான் இருக்கும். வாசலுக்கு மேலே புதிதாகக் காற்றுத் துவாரம் வைத்திருந்தார், டிஷ்யூ உள்பக்கம் போனது. அட்டை எட்டு மணியோடு நின்றிருந்தது. ஒன்பது மணிக் கையெழுத்து விடுபட்டிருந்தாலும் எனக்கு அது பிடித்தது.

ஒன்றில் மட்டும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஆண்கள் பக்கம் அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறாராம், வாசனை நடை வரைக்கும் வருகிறது. சுத்தமான கழிவறைக்கு வாசனையே இருக்கக் கூடாது, தூக்கலான வாசனை என்றால் எதையோ மறைக்கிறார்கள் என்பது என் கட்சி. அரசாங்கமே சுத்தம், அழகு, நறுமணம் என்று மூன்றுக்குமான மலாய்ச் சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்து பி.எம்.டபிள்யூ கழிவறை என்று பிரச்சாரம் செய்கிறதே என்று தவுக்கே மடக்கினார். வாடிக்கையாளர்களுக்கு அந்த வாசனை வந்தால்தான் சுத்தம் செய்த மாதிரி இருக்கிறதாம். என் கணவரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்.